கடலுக்கு எதிரே வீடு, அயோடின் உப்பு எதற்கு?

காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"மருமகளுக்கு இது ஒன்பதாவது வாரம். முதல் பிள்ளை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 5.8 என்று வந்தது. தைராக்சின் 25 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. அயோடின் உப்பு சாப்பிடுவதால்தான் இப்போது எல்லோருக்கும் தைராய்டு வருகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் ஒரு வருஷமாக இந்துப்புதான் வாங்குகிறோம், வீட்டுக்காரருக்கு பிரஷர் என்பதால். பிறகு எப்படி வந்தது? கடலுக்கு எதிரே இருக்கிறோம். வாரத்தில் நாலு நாள் மீன். எங்களுக்குமா அயோடின் குறையும்? மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே? கடல்பாசி மாத்திரை கொடுத்தால் போதும் என்கிறாள் என் தங்கை. முட்டைக்கோஸ், கூழ் எல்லாம் நிறுத்த வேண்டுமா?"

அம்மா, மற்றதெல்லாம் பிறகு. மாத்திரையை நாளைக் காலையே ஆரம்பித்துவிடுங்கள். இன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போது அயோடின் கலந்த உப்பு ஒரு கிலோ வாங்கி வந்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். உப்பை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை விடக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறாளே என்று இந்துப்பிலேயே இருந்துவிடவும் கூடாது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் அந்த ஒன்பதாவது வாரம்தான். குழந்தையின் மூளை உருவாகத் தொடங்கிய நாளிலிருந்தே அதற்குத் தைராய்டு ஹார்மோன் தேவை. குழந்தையின் சொந்தத் தைராய்டு சுரப்பி அயோடினைப் பிடித்து வைக்கத் தொடங்குவதே ஏறக்குறைய 12-ஆவது வாரத்தில்தான். ஓரளவு சொந்தக் காலில் நிற்பதற்கு 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை தாயின் ரத்தத்திலிருந்து வருகிற ஹார்மோனே முக்கிய ஆதாரம். அதற்குப் பிறகும் அயோடின் தாயிடமிருந்துதான் போயாக வேண்டும். ஆகவே கர்ப்பிணியின் தைராய்டு வழக்கத்தைவிடப் பாதியளவு கூடுதலாக உழைக்கிறது. போதாததற்கு, சிறுநீரகமும் கர்ப்ப காலத்தில் அயோடினைக் கூடுதலாக வெளியேற்றும். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்து "இன்னும் வேலை செய்" என்று விரட்டுகிற ஹார்மோன். 5.8 என்றால் விரட்டல் சற்று அதிகம். பயந்து அழ வேண்டிய எண் அல்ல. சரியான நேரத்தில் பிடித்திருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போட்டு வீணாக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

உடம்பில் மொத்தம் இருக்கும் அயோடினே 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் முக்கால் பங்கு கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டில் இருக்கிறது. தைராக்சின் என்ற ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் இல்லாமல் அதைச் செய்ய வேறு வழியே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் தேறும், அவ்வளவுதான். ஆனால் அதை மொத்தமாகச் சாப்பிட்டுவைக்க முடியாது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வர வேண்டும்.

இப்போது கடலுக்கு வருவோம். "கடலிலிருந்து எடுக்கிற உப்பில் அயோடின் இல்லாமலா போகும்?" என்று வடசென்னையில் பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்புகள் சுமார் 35 கிராம். அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அந்த நீர் முழுதும் வற்றி, அயோடின் ஒரு துளிகூடத் தப்பாமல் உப்பிலேயே தங்கியது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் உப்புக்கு 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. உண்மையில் அதுவும் தங்குவதில்லை. உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு வடித்துவிடுகிற கசப்பு நீரோடு பெரும்பகுதி போய்விடுகிறது. நாளுக்கு 5 கிராம் உப்பு சாப்பிட்டால் 10 மைக்ரோகிராமுக்கும் கீழே. மருமகளுக்கு வேண்டியது 250. தூத்துக்குடி உப்போ, மரக்காணம் உப்போ, அயோடின் சேர்க்காத கல்லுப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

குடிக்கிற தண்ணீரிலும் கிடைக்காது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. வடசென்னைக்கு அங்கிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகச் செலுத்தும்போது உப்போடு சேர்ந்து அயோடினும் பெரும்பாலும் பின்தங்கிவிடும். கேன் தண்ணீருக்கும் அதேதான். கடல் காற்றை நம்ப வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மீன்? கடல் மீன் நல்ல உணவு. அயோடினும் அதில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பது மீனுக்கு மீன் மாறும். 100 கிராமில் 20 மைக்ரோகிராமும் இருக்கலாம், 100-க்கு மேலும் போகலாம். நடுவாக 50 என்று வையுங்கள். வாரத்தில் நாலு நாள், ஒவ்வொரு நாளும் 100 கிராம் சதை என்றால் வாரத்துக்கு 200 மைக்ரோகிராம். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 30-க்கும் குறைவு. குழம்பில் இரண்டு துண்டு போட்டால், முள் போக 100 கிராம் சதை தேறுமா என்பது சமைக்கிற உங்களுக்கே தெரியும். டேம் மீன், ஏரி மீன் என்று விற்கிற ரோகு, கட்லா, ஜிலேபியில் கடல் மீனில் இருப்பதைவிட அயோடின் மிகக் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, மீன் விலை ஏறிவிடும், அப்போது பல வீடுகளில் டேம் மீன்தான். இன்னொன்று, மூன்றாம் மாதத்தில் மீன் வாசனையே குமட்டும். உங்கள் மருமகள் இப்போது மீன் தட்டைத் தொடுகிறாளா என்று பாருங்கள். வீட்டில் நாலு நாள் மீன் சமைத்தாலும் அவள் சாப்பிடுவது ரசம் சாதமாக இருக்கலாம். கருவாடும் இதற்கு உதவாது. அதற்குப் போடுவது பெரும்பாலும் அயோடின் சேர்க்காத பெரிய கல்லுப்பு. உப்புதான் ஏறும்.

இப்போது இந்துப்பு. உங்கள் வீட்டுக்காரரின் பிரஷருக்காக மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையோடு செய்தது, ஆனால் பலன் இல்லாதது. இந்துப்பும் நூற்றுக்கு 97, 98 பங்கு சோடியம் குளோரைடுதான். பிரஷரை ஏற்றுவது அந்தச் சோடியம். இளஞ்சிவப்பு நிறம் தருகிற இரும்புச் சேர்மமும் மற்ற தாதுக்களும் மிகச் சொற்பம். அவற்றால் சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்காது. அயோடினோ இல்லை என்றே சொல்லலாம், பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருந்தால் ஒழிய. ஆக, ஒரு வருஷமாக அவருடைய சோடியம் குறையவில்லை, வீட்டில் எல்லோருடைய அயோடினும் குறைந்திருக்கிறது. அவருக்குச் செய்ய வேண்டியது உப்பின் வகையை மாற்றுவது அல்ல, அளவைக் குறைப்பது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாப்பாட்டு மேஜையில் வைக்கிற உப்புக் கிண்ணம், இந்த நான்கில் கை வைத்தாலே பாதி வேலை முடிந்தது. "லோ சோடியம்" உப்பு வாங்க நினைத்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கு ஆபத்தாகலாம்.

எந்த உப்பு வாங்குவது? விலை உயர்ந்த பிராண்டு தேவையில்லை. பாக்கெட்டில் "அயோடின் கலந்த உப்பு" என்று இருக்க வேண்டும். சிரிக்கும் சூரியன் படம் அதற்கான அடையாளம். சட்டப்படி, கடையில் நம் கைக்கு வரும்போது குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். பி.பி.எம். என்றால் இங்கே ஒரு கிராம் உப்புக்கு அத்தனை மைக்ரோகிராம். தயாரித்த தேதியைப் பார்த்துப் புதிதாக உள்ளதை எடுங்கள். தூள் உப்பு பிடிக்காது, கல்லுப்புதான் குழம்புக்குச் சரிவரும் என்றால் அயோடின் கலந்த கல்லுப்பே கிடைக்கிறது. தமிழ்நாடு உப்புக் கழகம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் எடுக்கும் உப்பில் அயோடின் சேர்த்துக் குறைந்த விலையில் விற்கிறது. ரேஷன் கடையில் கேட்டுப் பாருங்கள். அயோடினோடு இரும்புச்சத்தும் சேர்த்த உப்பும் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அது நல்லதே. ஆனால் டாக்டர் தருகிற இரும்பு மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. சாக்கில் கொட்டி வைத்துப் படியால் அளந்து விற்கிற உப்பை மட்டும் சமையலுக்கு வாங்காதீர்கள். உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது 2006-இலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. இருந்தாலும் ஐஸ் பெட்டிக்கும் கருவாட்டுக்கும் வருகிற உப்பு நம் பக்கத்தில் தாராளமாகப் புழங்குகிறது, அது அடுப்படிக்கும் வந்துவிடுகிறது.

நல்ல உப்பு வாங்கிய பிறகும் வீட்டில் அயோடினைத் தொலைக்கப் பல வழிகள் உண்டு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கல்லுப்பில் அயோடினைத் தரும் பொட்டாசியம் அயோடேட் கரைசலை மேலே தெளித்துத்தான் சேர்க்கிறார்கள். அது கல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. அழுக்கு போகட்டும் என்று கல்லுப்பை ஒரு முறை அலசினால் முதலில் கரைந்து ஓடுவது அதுதான். அடியில் மண் தங்குகிற உப்பாக இருந்தால் பிராண்டை மாற்றுங்கள், கழுவாதீர்கள். ஈரம் போவதற்காக வாணலியில் வறுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உப்பைக் கரைத்து வடிகட்டிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் ஊற்றுவதும் வேண்டாம்.

உங்கள் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஈரம். திறந்த ஜாடியில் உப்பு கசிந்து நீர் விடும். அந்த நீர் அயோடேட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மேலே அள்ளுகிற உப்பில் குறைவு, அடியில் தேங்கும் நீரில் அதிகம். அந்த நீரை நாம் கொட்டிவிடுவோம். ஆகவே மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா அல்லது பீங்கான் ஜாடி, அடுப்பிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, ஜன்னல் வெயில் படாத இடம், ஈரம் இல்லாத ஸ்பூன். ஒரு கிலோ பாக்கெட்டை முழுக்கக் கொட்டாமல் கால் கிலோ கால் கிலோவாக டப்பாவில் நிரப்பி, மீதியைப் பாக்கெட்டோடு இறுக்கிக் கட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் சேர்த்து வாங்கி அடுக்க வேண்டாம்.

சமைக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அயோடின் போய்விடும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். குழம்பு, பொரியல் எல்லாம் வெந்த பிறகு கடைசியில் உப்பு சேர்த்தால் இழப்பு குறையும். காய் வேகவைத்த உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டால், அதில் கரைந்த அயோடினும் போச்சு. வடிக்கிற சோற்றில் உப்பு போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அயோடின் உப்பு போட்டால் ஊறுகாய் கெட்டுவிடும், நிறம் மாறிவிடும் என்பது உண்மையல்ல.

"அப்படியானால் அவளுக்கு உப்பைக் கூட்டிப் போடட்டுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு கல்கூடக் கூடுதல் வேண்டாம். நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதுவே எல்லை. மொத்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 30 பி.பி.எம். உப்பு என்றால் அதில் 150 மைக்ரோகிராம், சமையல் இழப்பு போக 120. பாக்கெட் பழையதாகி 15-க்கு இறங்கியிருந்தால் 60 மட்டுமே. மீதியை இரண்டு தம்ளர் பால் அல்லது தயிர், தினம் ஒரு முட்டை, குமட்டல் நின்றதும் கடல் மீன், இவற்றால் நிரப்ப வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 25 மைக்ரோகிராம், ஒரு தம்ளர் பாலில் மாட்டுத் தீவனத்தைப் பொறுத்து 20 முதல் 50 வரை கிடைக்கும். உங்கள் வீட்டில் எத்தனை உப்பு செலவாகிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 5 கிராம் வீதம் மாதம் 750 கிராம். ஒரு கிலோ பாக்கெட் நாற்பது நாளாவது வர வேண்டும். இருபது நாளில் காலியானால், வீட்டுக்காரரின் பிரஷர் ஏன் அடங்கவில்லை என்பதற்குப் பதில் அந்தக் காலி பாக்கெட்டில் இருக்கிறது.

அயோடின் உப்பால்தான் தைராய்டு வருகிறது என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் ஒரு சிறு உண்மை கலந்திருப்பதால்தான் இது இவ்வளவு பரவுகிறது. அயோடின் மிக அதிகமானாலும் தைராய்டு தடுமாறும். கழுத்தில் பழைய கட்டிகள் உள்ள முதியவர்களுக்குத் திடீரென நிறைய அயோடின் போனால் ஹார்மோன் கூடிப் படபடப்பு வரலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற நோய் உள்ள சிலருக்கு அதிக அயோடின் அதைத் தூண்டலாம். ஆனால் கர்ப்பிணிக்கு நாளுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 5 கிராம் உப்பில் 150 போவதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! மறுபக்கத்தையும் பாருங்கள். 1956-இல் இமாசலப் பிரதேசம் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சேர்க்காத உப்பும் கொடுத்துப் பல வருஷம் கவனித்தார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் பிள்ளைகளின் முன்கழுத்துக் கழலை கண்கூடாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் அதையொட்டித்தான் வந்தது. கழலை என்பது வெளியே தெரிகிற அடையாளம் மட்டும். அயோடின் கடுமையாகக் குறைந்த தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்குக் காது கேளாமை, பேச்சின்மை, மூளை வளர்ச்சிக் குறைவு எல்லாம் நேரலாம். பிறந்த பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அதைத் திருப்ப முடியாது. முன்கூட்டித் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளில் உலகிலேயே முதலிடம் அயோடின் குறைவுக்குத்தான். இது நினைவில் இருக்கும்போது, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அயோடின் உப்பை நிறுத்துவதைக் கேட்டால் மனம் பதறுகிறது.

உங்கள் மருமகளின் 5.8-க்கு இந்துப்புதான் காரணமா? அதை இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இந்த வயதுப் பெண்களுக்கு டி.எஸ்.எச். ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குவதுதான். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது, அந்தத் தாக்குதல் இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றாலும் அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரில் அயோடின் பார்க்கிற பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு ஊரின் நிலையை அறிய அது நல்ல கருவி. ஒரு ஆளுக்கு, ஒரு நாள் சிறுநீரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, காலைக்கும் மாலைக்குமே மாறும்.

கடல்பாசி மாத்திரை வேண்டவே வேண்டாம். உங்கள் தங்கை நல்லெண்ணத்தில் சொல்கிறார். ஆனால் கெல்ப் என்ற பழுப்புப் பாசியில் அயோடின் எவ்வளவு என்பது பாசிக்குப் பாசி தலைகீழாக மாறும். ஒரு கிராமில் சில பத்து மைக்ரோகிராமும் இருக்கலாம், பல ஆயிரமும் இருக்கலாம். ஒரே மாத்திரையில் ஒரு மாதத்துக்கு உரியது போய்விட்டால் தாயின் தைராய்டும் குழந்தையின் தைராய்டும் ஒருசேர வேலையை நிறுத்திக்கொள்ளும். பெரியவர்களின் தைராய்டு சில நாளில் அதைச் சமாளித்து மீளும். கருவிலிருக்கும் பிள்ளையால் அது முடியாது. (நோன்பு நேரத்தில் செய்கிற கடல்பாசி இனிப்பு வேறு, அதைப் பற்றிய பேச்சு இல்லை இது.) அதே காரணத்துக்காகத் தொண்டை கரகரப்புக்குப் பொவிடோன் அயோடின் கொப்பளிப்பதையும் இந்தக் காலத்தில் தவிர்த்து, வெறும் உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். டாக்டர் கொடுக்கும் கர்ப்பகாலச் சத்து மாத்திரை அட்டையில் அயோடின் 150 மைக்ரோகிராம் என்று இருந்தால் அது பாதுகாப்பான அளவு. நீங்களாக இன்னொன்று சேர்க்காதீர்கள்.

முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி எதையும் நிறுத்த வேண்டாம். வேகவைத்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிட்டால், அயோடின் போதுமானதாக உள்ள உடம்பில் ஒன்றும் செய்யாது. ஆடியில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் அப்படியே. கம்பில் தைராய்டைக் கொஞ்சம் தடுக்கிற பொருள் உண்டு. மூன்று வேளையும் கம்பையே உண்டு, அயோடினும் கிடைக்காத இடங்களில் மட்டும்தான் அது பிரச்சினை. கூழுக்குள் போடுகிற உப்பும் அயோடின் உப்பாக இருக்கட்டும், போதும்.

மாத்திரை விஷயம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. டீ, காபி, பால் எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஆறு மணிக்குத் தைராக்சின் என்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவில் ஒன்று என்று மற்ற இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்காத பல கர்ப்பிணிகளிடம் விசாரித்தால், எல்லா மாத்திரையையும் ஒரே கையில் வைத்து விழுங்கியிருப்பார்கள். காலை வாந்தி அதிகமாக இருந்து மாத்திரை வெளியே வந்துவிடுகிறது என்றால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்த நேரத்தில் சாப்பிடலாம். மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையிலும் ஜன்னலிலும் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும். உள்ளே இருக்கும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள், ஈரத்தை உறிஞ்சத்தான் அது. முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். அது எண்ணைத் தவறாகக் காட்டும்.

நாலு வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், 20-ஆவது வாரம் வரை. பிறகு 30-ஆவது வாரத்தையொட்டி ஒரு முறை. 2.5-க்குக் கீழே வைத்திருப்பது நோக்கம். டாக்டர் அளவைக் கூட்டினால் "நோய் முற்றிவிட்டது" என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் பிள்ளை வளர வளரத் தேவை கூடுவது இயல்பு.

ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா என்றால், இவ்வளவு சிறிய அளவில் கர்ப்பத்தில் ஆரம்பித்தவர்களில் பலரால் பிரசவத்துக்குப் பிறகு நிறுத்திவிட முடிகிறது. ஆனால் அதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. டாக்டர் சொல்லி நிறுத்திய பிறகு ஆறாவது வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து முடிவாகும். ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வருஷம் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நேரத்தில் படபடப்போ, அளவு மீறிய சோர்வோ, காரணமில்லாத மனச்சோர்வோ வந்தால் "பிள்ளை பெற்ற உடம்பு" என்று விட்டுவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பால் ஊற வேண்டும் என்று நம் பக்கத்தில் பால் சுறா கொடுப்பார்கள். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது. அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் சுறாவையும் மிகப் பெரிய வஞ்சிரத்தையும் தவிர்த்து, நெத்திலி, காரப்பொடி, மத்தி, சங்கரா போன்ற சின்ன மீன்களைக் கொடுங்கள். பாலூட்டும் காலம் முழுக்க அவளுக்கு அயோடின் உப்பே தொடரட்டும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் கூடாது. ஒரு வயது வரை அதன் சாப்பாட்டில் உப்பே சேர்க்கக் கூடாது. அதற்கு அயோடின் பெரும்பகுதி போவது தாய்ப்பாலில்தான். வீட்டில் யாராவது புகைபிடித்தால் வாசலோடு நிறுத்தச் சொல்லுங்கள். தாய் பக்கத்தில் புகை இருந்தால் பாலில் போகும் அயோடினும் குறையக்கூடும்.

பிள்ளை பிறந்ததும் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று நாளானதும் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கும் பரிசோதனை. தாயின் தைராய்டு எப்படி இருந்தாலும், சில குழந்தைகள் பிறக்கும்போதே சுரப்பி சரியாக இல்லாமல் பிறக்கும். முதல் சில வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த முடிவு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் எப்போது, எங்கே வந்து வாங்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு அந்தச் சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.